வழி தவறியவன் பின்னால்

1961 அக்டோபர் 3, செவ்வாய்

என் பாஸ் வயலினைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலுக்குப் போனால் இன்றும் அதே ஜோக். "யாருப்பா இது, உன் பெண்டாட்டியா? அவளுக்கும் டோக்கன் போட்டியா?" என்று கவுன்ட்டர்காரன் கேட்டான். என்னை விட உயரமான வாத்தியம், என்ன செய்வது. ஒவ்வொருவனும் தானே முதலில் கண்டுபிடித்ததுபோல் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். பெண்டாட்டியாக இருந்திருந்தால் பதினேழு வருடம் என்னோடு தாக்குப்பிடித்திருக்க மாட்டாள். உண்மையான பெண்டாட்டி மூன்று வருடத்தில் போய்விட்டாள்.

ஒத்திகை ரோஸ்கோ வீட்டில், 138-ஆம் தெரு, மூன்றாம் மாடி. ரோஸ்கோ பியானோ, டெஸ் டிரம்ஸ், நான் பாஸ். நவம்பரில் இசைத்தட்டுக்குப் பதிவு. ஹெர்மன் லாஸ்க்கின் பன்னிரண்டு பாட்டு. நாற்பது வருடமாக பிராட்வே நாடகங்களுக்குப் பாட்டுப் போட்ட கிழவர். அவர் மெட்டு ஒன்றையாவது முணுமுணுக்காத டாக்ஸிக்காரன் இந்த ஊரில் கிடையாது. தட்டின் மேல் 'ரோஸ்கோ யார்பரோ ட்ரியோ' என்றே போடப் போகிறார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் பெயரில் ஒரு தட்டு. நடுவில் போன வருடங்கள் போதை ஊசிக்குப் போயின. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் அடைந்து கிடந்து அதை விட்டான். விட்டு நாலு வருடம் ஆகிறது. "இன்னொரு தடவை ஊசியைத் தொட்டா பால்டிமோர்ல என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று அவன் மனைவி வெர்னா அவனிடம் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள்.

லாஸ்க்கின் பாட்டெல்லாம் ஒரே கட்டுமானம். பல்லவி, மறுபடி பல்லவி, பிறகு வேறு மெட்டில் ஒரு நடுப்பகுதி, கடைசியில் பல்லவி. குழந்தைகூட வழி தவறாது. இன்று 'ஜன்னலில் ஒரு விளக்கு' வாசிக்கும்போது ரோஸ்கோ இரண்டாம் பல்லவி முடிந்து நடுப்பகுதிக்குப் போகாமல் மூன்றாம் தடவை பல்லவிக்கே போனான். எனக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் பின்னாலேயே போனேன், டெஸ்ஸும் வந்துவிட்டான். இது எங்கள் தொழிலில் முதல் சட்டம். ஒருவன் வழி தவறினால் நின்று கைகாட்டக் கூடாது, உடனே அவன் பின்னால் போகவேண்டும். மூன்று பேரும் சேர்ந்து தவறினால் அது தவறில்லை, ஏற்பாடு. இந்த விஷயத்தில் எனக்கு இந்த ஊரில் பெயர் உண்டு. "ஆல்டன் ப்ரூயிட் கூட இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கலாம்" என்பார்கள்.

ஆனால் இது முதல் தடவை இல்லை. போன குளிர்காலத்திலிருந்தே நடக்கிறது. எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 5

மழை. எங்கும் போகவில்லை. தந்தி ஒன்று மாற்றினேன்.

அக்டோபர் 11, புதன்

ஒத்திகை நடுவில் ரோஸ்கோ எழுந்து குளியலறைக்குள் போனான். இருபது நிமிடம். குழாயைத் திறந்துவிட்டிருந்தான், சத்தம் கேட்கக் கூடாது என்று. வெளியே வந்தபோது முகம் வெளுத்து, கண் சொக்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தான். இந்த முகத்தை எனக்குத் தெரியும். ஐம்பத்து மூன்றில் பார்த்த அதே முகம்.

படியிறங்கும்போது டெஸ் கேட்டான். "அண்ணே, திரும்ப ஆரம்பிச்சுட்டாரா?"

"எதை?"

"என்னண்ணே நீங்க! நான் நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து நேத்துதான் வந்தேனா? வாந்தி எடுக்கிறார், உக்காந்த இடத்துல தூங்குறார், அந்த அறைப் புழுக்கத்துலயும் முழுக்கை சட்டை..."

"வாயை மூடு."

"மூடிக்கிறேன். ஆனா நவம்பர்ல மைக் முன்னாடி உக்காரும்போது யார் மூடுறது?"

"நான் இருக்கேன்ல" என்றேன். பெரிய வீரன் மாதிரி.

அக்டோபர் 14, சனி

நேராகக் கேட்டுவிட்டேன். செயின்ட் நிக்கலஸ் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் கையில் ஆஸ்பிரின் குப்பி. வேர்க்கடலை தின்பதுபோல் தின்கிறான்.

"ரோஸ்கோ, எங்கிட்ட மறைக்காதே. திரும்ப எடுக்கிறியா?"

என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "சுத்தமா இருக்கேன்டா. நாலு வருஷம், ரெண்டு மாசம். தலைதான் வலிக்குது, காலைல எழுந்திரிச்சா மண்டை பொளந்துடும்போல வலிக்குது. கையைக் காட்டட்டுமா?" சட்டைப் பொத்தானில் விரலை வைத்தான்.

"வேண்டாம்டா. நான் நம்புறேன்."

"உண்மையாவா?"

"பொத்தானைப் போடு, குளிருது."

நம்பவில்லை. அதனால்தான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு வெர்னா முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? இப்போது சந்தேகம்தான் இருக்கிறது. சந்தேகத்தோடு பதிவு முடியும்வரை காலம் தள்ளலாம்.

அக்டோபர் 20, வெள்ளி

வெர்னா ஃபோன் செய்தாள். வேலை செய்யும் தையல்கடையிலிருந்து பேசுகிறாள் போலிருக்கிறது, பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆல்டன், உங்களை ஒண்ணு கேக்கணும். அவர்கிட்ட என்னமோ சரியில்லை. நேத்து வாய்க்கு வந்தபடி திட்டினார், எதுக்குன்னு அவருக்கே தெரியலை. நீங்க தினம் கூட வாசிக்கிறீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

"வாசிப்பு நல்லாத்தான் இருக்கு வெர்னா. பதிவு வருதில்ல, அந்த டென்ஷன்."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

இந்த இடத்தில் ஒரு கணம் யோசித்தேன். டாக்டர் என்றால் சட்டையைக் கழற்றச் சொல்வார். கையில் புதிய துளையைப் பார்ப்பார். வெர்னா பக்கத்திலேயே நிற்பாள். அன்றைக்கே பால்டிமோர். மறுநாள் தட்டுக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். தட்டும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை என்றால் அவன் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டான்.

"பதிவு முடியட்டுமே. மூணு வாரம்தானே. அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க சொன்னா சரி" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

நவம்பர் 7, செவ்வாய்

முதல் நாள் பதிவு. காலை பத்திலிருந்து ஒன்றுவரை. மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடிக்கவேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிடம் ஓடினாலும் கம்பெனி தரப்பில் நாட் கோரனுக்கு மூச்சு முட்டும். அவன்தான் தயாரிப்பாளன். எங்கள் மூவரையும் ஒரே அறையில் நெருக்கமாக உட்காரவைத்தான். பியானோ மைக்கில் என் பாஸ் கேட்கும், என் மைக்கில் டெஸ்ஸின் டிரம் பிரஷ் கேட்கும். ஒருவன் தவறினால் அவன் பகுதியை மட்டும் தனியாக வெட்டித் திருத்த முடியாது. மூவரும் ஒன்றாகத்தான் பிழைக்கவேண்டும்.

நான்கும் பிழையில்லாமல் போயிற்று! 'நீ இல்லாத செவ்வாய்' முதல் டேக்கிலேயே, ஒரே தடவையில். ரோஸ்கோ கடைசிப் பல்லவியில் வலது கையால் மட்டும் ஒரு வரி வாசித்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாட் தலையில் கைவைத்துக்கொண்டான். பதினைந்து வருடமாக அவனோடு வாசிக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

வெளியே வந்து மூவரும் பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிட்டோம். ரோஸ்கோ பாதிதான் தின்றான். மீனில் வாசனையே இல்லை என்றான். "உன் மூக்குல மிளகாய்த்தூள் வைக்கணும்" என்று டெஸ் சொன்னான். சிரித்தோம். இன்று சந்தோஷமாக இருந்தேன், அதை எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 8, புதன்

லாஸ்க் வந்தார்.

யாரும் சொல்லவில்லை. நாட் கூப்பிட்டிருக்கிறான், படம் எடுத்து உறையில் போட. எழுபத்து மூன்று வயது, கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜாஸ்காரர்கள் தன் மெட்டைக் கைமா போடுகிறார்கள் என்று பேட்டியெல்லாம் கொடுத்தவர்.

மூன்றாவது பாட்டு 'ஜன்னலில் ஒரு விளக்கு'. இரண்டாம் பல்லவி முடிந்தது. ரோஸ்கோ பல்லவிக்கே திரும்பிவிட்டான். பின்னால் போனேன், டெஸ் வந்தான். அது முடிந்து நான்காம் தடவையும் பல்லவி. நடுப்பகுதியே இல்லாமல் பாட்டை முடித்தோம். மெதுவாக இறக்கி, கடைசிச் சுரத்தை நான் வில்லால் இழுத்து நிறுத்தினேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் வேதனை.

நாட் ஒலிபெருக்கியில் "அருமை! இதையே வெச்சுக்கலாம்" என்றான். லாஸ்க் கதவைத் திறந்துகொண்டு எங்கள் அறைக்குள் வந்தார்.

"என் பாட்டுல நடுப்பகுதி எங்கே?"

ரோஸ்கோ அவரைப் பார்த்து விழித்தான். எது என்று கேட்பவன்போல விழித்தான்.

"அதுதான் சார் எங்க ஏற்பாடு" என்றேன். "வேணும்னுதான் விட்டோம். அந்த ஏக்கம் தீராமலே இருக்கட்டும்னு."

கிழவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரோஸ்கோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கதவோரம் கூப்பிட்டார். "தம்பி, நான் முப்பது வருஷம் நடிகர்களோட ஒத்திகை பார்த்தவன். வேணும்னு விடுறவன் முகமும் மறந்துபோனவன் முகமும் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்த மனுஷனுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லை சார். நேத்து சரியா தூங்கலை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். "கிழத்துக்குத் தன் மெட்டை ஒருத்தன் தொட்டா பொறுக்காது" என்று டெஸ் முணுமுணுத்தான். ஆமாம் என்று நானும் சொன்னேன்.

நவம்பர் 14, செவ்வாய்

கடைசி நாள். இரண்டு டேக்குக்கு நடுவில் ரோஸ்கோ பியானோ மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டான். தட்டி எழுப்பினேன். இடது கை சரியாக எழவில்லை. விரல்கள் கட்டைமேல் தாமதமாக விழுந்தன. அவன் இடது கை வாசிக்கவேண்டிய சுரங்களை எல்லாம் நான் கீழே பாஸில் நிரப்பினேன். மூன்று மணி நேரமும். வீட்டுக்கு வந்தபோது என் விரல் நுனி கிழிந்திருந்தது.

பன்னிரண்டு பாட்டும் முடிந்தது. நாட் எங்கள் தோளில் தட்டி, "ரோஸ்கோ இவ்வளவு குறைச்சலா வாசிச்சு நான் கேட்டதே இல்லை, என்ன நிதானம்!" என்றான்.

நவம்பர் 23, வியாழன்

நன்றி நாள் விருந்து, ரோஸ்கோ வீட்டில். வான்கோழி, சோளரொட்டிப் பூரணம், கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுடும் 'பை' பலகாரம். ரோஸ்கோவை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெர்னா எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் நுழைந்தபோது சமையலறை முழுக்கப் புகை. பை கரியாகிக்கொண்டிருந்தது. அவன் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், தீயுதுடா!"

"எது?"

வெர்னா வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். திரும்பும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பையின் கரிந்த ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பதிவு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. டாக்டரிடம் நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அவள் ஞாபகப்படுத்தவில்லை. நானும்தான்.

டிசம்பர் 2

அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன். கட்டாயம்.

டிசம்பர் 16, சனி

எப்படி எழுதுவது.

வியாழக்கிழமை மதியம் ரோஸ்கோ சுரங்க ரயில் படியில் விழுந்திருக்கிறான். கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. ஒரு போலீஸ்காரன் வந்து பார்த்திருக்கிறான் — கறுப்பன், வாயில் நுரை, கைப்பையில் சங்கீதத் தாள். தூக்கிக்கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் போட்டிருக்கிறான். "ஊசி கேஸ், தெளிஞ்சதும் எழுந்திரிப்பான்" என்று. ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் அந்தப் பெஞ்சில்! ஷிஃப்ட் மாறி வந்த ஒருவன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான்.

அந்த முதல் போலீஸ்காரனை நேற்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் கழுத்தை நெரிக்கணும், வேலையை விட்டுத் துரத்தணும்னு டெஸ்கிட்ட கத்தினேன். டெஸ் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் ரோஸ்கோவைப் பார்த்து நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான். அவன் ஐந்து மணி நேரம் நினைத்தான். நான் ஒரு வருடம்.

டிசம்பர் 19, செவ்வாய்

மூளையில் கட்டி. புற்று இல்லையாம். மெதுவாக வளர்கிற சாதாரணக் கட்டியாம். இதை டாக்டர் ஆறுதல்போலத்தான் சொன்னார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"செப்டம்பர் கடைசியிலேர்ந்து" என்றாள் வெர்னா. "எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கீழே காகிதத்தில் கையெழுத்துப் போடப் போனதும் திரும்பி டாக்டர் அறைக்குள் போனேன். "போன குளிர்காலத்திலேர்ந்து" என்றேன். "வாசிக்கும்போது இடம் மறந்துபோகும். எனக்குத் தெரியும்."

"போன குளிர்காலமா? அப்ப இது ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருந்திருக்கும். இப்ப ஆரஞ்சுப் பழம் அளவு. பிசாசு மாதிரி எல்லாத்தையும் நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. ஏன் யாருமே கூட்டிட்டு வரலை? கூட வாசிக்கிறவங்க யாரும் கவனிக்கலையா?"

என்ன சொல்ல? கவனிச்சோம் சார், அவ்வளவு நல்லா கவனிச்சதாலதான் வேற யாருக்கும் தெரியாம பார்த்துக்கிட்டோம்னு சொல்றதா?

நர்ஸ் ரத்தம் எடுக்க ரோஸ்கோவின் சட்டைக் கையைச் சுருட்டினாள். இரண்டு கையையும் பார்த்தேன். பழைய தழும்புகள், வெள்ளையாக, ஆறிப்போய். புதிதாக ஒன்றும் இல்லை.

டிசம்பர் 22, வெள்ளி

ஒன்பது மணி நேரம் அறுவை. நடைபாதையில் வெர்னா சங்கீதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்தாள். தேவாலயப் பாட்டுகள். நான் கூடப் பாடவில்லை.

டிசம்பர் 27, புதன்

இடது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. தலையில் கட்டு. பேச்சு குழறுகிறது. இருந்தும் என்னைப் பார்த்ததும் வாயின் வலது ஓரத்தால் சிரித்தான்.

"தட்டு வந்துடுச்சா?"

"மார்ச்ல வரும்டா. நல்லா வந்திருக்கு."

"நடுப்பகுதி விட்டேன்ல?"

"ஒண்ணும் விடலை. எல்லாம் சரியா வாசிச்சே."

ஏன் இதைச் சொன்னேன்? அங்கேகூட. இந்த வாய் பழகிவிட்டது.

1962 ஜனவரி 4

காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு ரோஸ்கோ போய்விட்டான். வயது நாற்பத்தொன்று.

ஜனவரி 9, செவ்வாய்

அடக்கம். நிற்க இடமில்லாத கூட்டம். இந்த ஊர் பியானோக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், இரண்டு வருடமாக அவனுக்கு ஒரு வேலையும் கொடுக்காத கிளப்காரர்கள் உட்பட. கடைசி வரிசையில் லாஸ்க், தனியாக. வெளியே பனியில் என்னிடம் வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

"நான் அன்னிக்கு உங்களை ஒரு தடவைதான் கேட்டேன்" என்றார். "ரெண்டு தடவை. அப்புறம் தொப்பியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். மதியம் ஒருத்தரோட சாப்பாட்டுக்குப் போகவேண்டியிருந்தது." அவ்வளவுதான் சொன்னார். கார் ஏறிப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 30

வேலை கேட்டு மூன்று ஃபோன். மூன்றையும் வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தேவாலயம் முடிந்து வெர்னா வீட்டுக்குக் கூப்பிட்டாள். காபியும் கேக்கும். ரோஸ்கோவின் பியானோவை மூடித் துணி போட்டிருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் ஆல்டன். வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது. நான் அவரை நம்பலை. கடைசி ரெண்டு மாசம் அவர் தூங்கினதும் தினமும் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்ப்பேன். கையில ஒண்ணும் இல்லை. அப்படின்னா கால்ல போடுறாரோன்னு விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். பத்து வருஷம் குடும்பம் நடத்தினவ நான். ஒருநாள் பாதி முழிப்புல பார்த்துட்டார். காலை இழுத்துக்கிட்டார்."

நான் கப்பைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

"ஆஸ்பத்திரியில சொன்னார். 'ஆல்டன்கிட்ட கையைக் காட்டட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்டான்னுட்டான். பார்க்காமலே நம்பினான்'னு. அதைச் சொல்லும்போது அழுதார், சந்தோஷத்துல. இந்த உலகத்துல நீங்க ஒருத்தராவது அவரை நம்பினீங்களே. அதுக்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காபியைக் குடித்தேன். கேக் நன்றாக இருக்கிறது என்றேன். வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

தூக்கம் இல்லை.

மார்ச் 13, செவ்வாய்

தட்டு வந்துவிட்டது. பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறான் ஒரு புத்திசாலி. 'ஜன்னலில் ஒரு விளக்கு' பாட்டில் நடுப்பகுதியைத் துணிச்சலாக ஒதுக்கி, ஏக்கத்துக்கு முடிவே இல்லை என்று காட்டிவிட்டாராம் யார்பரோ. கடைசிப் பாட்டுகளில் இடது கையின் சிக்கனத்தை இளைய தலைமுறை பாடமாகக் கொள்ளவேண்டுமாம். கட்டியைப் பாடமாகக் கொள்ளுங்கள் பிள்ளைகளே.

நாட் சந்தோஷமாக ஃபோன் செய்தான். வெர்னாவும் செய்தாள். "பத்திரிகையை ரெண்டு வாங்கினேன், ஒண்ணு உங்களுக்கு" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. இதற்கு மேல் முடியாது. மூடி மறைத்துத்தான் அவனைக் கொன்றோம். இனி ஒன்றையும் மூடக் கூடாது.

மார்ச் 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

போய் உட்கார்ந்ததும் சொன்னேன், காபி வருவதற்கு முன்னாலேயே. நான் நம்பலை வெர்னா. ஊசின்னுதான் நினைச்சேன். கையைப் பார்க்க பயந்துதான் வேண்டாம்னேன். நீங்க டாக்டர்கிட்ட போகட்டுமான்னு கேட்டப்போ தடுத்ததும் அதுக்குத்தான், மாட்டிக்குவான்னு. வாசிக்கும்போது அவன் தவறினதையெல்லாம் ஒரு வருஷமா நான்தான் மறைச்சேன். லாஸ்க் கேட்டப்பவும் மறைச்சேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அறைவாள் என்றுகூட நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே நின்றாள், கையில் கரண்டியோடு.

"அன்னிக்கு டாக்டர் வேண்டாம்னு நீங்க சொன்னது, அவரை நம்பினதாலன்னுதான் நான் நினைச்சேன்" என்றாள். "இவருக்கு ஒண்ணும் இல்லை, ஆல்டனுக்குத் தெரியாததான்னு."

"நீங்க அப்படித்தான் நினைச்சீங்கன்னு தெரியும். அதான் சொல்ல வந்தேன்."

"இப்ப எதுக்குச் சொல்றே?" அவள் என்னை ஒருமையில் பேசியதே இல்லை. "அவர் உயிரோட இருந்தப்ப சொல்லியிருந்தா அவர் பிழைச்சிருப்பார். செத்தப்புறம் சொல்லாமலாவது இருந்திருக்கலாமே. ஒரே ஒருத்தன் நம்பினான்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் படுக்கிறேன். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். உன் மனசு லேசாகணும்னு அதையும் பிடுங்கிட்டுப் போறியே."

கதவை அவளே திறந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. லேசாகவேண்டும் என்றுதான் அங்கே போனேன். லேசாகவும் இல்லை.

ஏப்ரல் 1, ஞாயிறு

தேவாலயத்தில் வெர்னா இல்லை. பால்டிமோருக்குப் போய்விட்டாளாம், அக்கா வீட்டுக்கு. பியானோவை விற்றுவிட்டாள் என்று டெஸ் சொன்னான்.

ஜூன் 6, புதன்

கடைசியில் ஒரு வேலைக்கு ஒத்துக்கொண்டேன். வாடகை யார் கொடுப்பது? நாலு பேர் குழு, மதியம் ஒத்திகை, தலைவன் சாக்ஸபோன் வாசிக்கிற வெண்டல். பியானோவில் லைமன் என்று ஒரு ஆள், நாற்பது இருக்கும், நல்ல வாசிப்பு, கொஞ்சம் கவனக்குறைவு. இரண்டாவது பாட்டில் அவன் நடுப்பகுதியை விட்டுவிட்டுப் பல்லவிக்குப் போனான். வெண்டலும் டிரம்ஸும் உடனே அவன் பின்னால் போனார்கள்.

நான் போகவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

எல்லோரும் நின்றார்கள். "என்ன ஆல்டன், தந்தி அறுந்துடுச்சா?" என்றான் வெண்டல்.

நான் லைமனைப் பார்த்தேன். "தம்பி, உனக்குக் காலைல தலை வலிக்குதா?"

"என்னது?"

"வாந்தி வருதா? எதையாவது மோந்து பார்த்தா வாசனை தெரியுதா?"

டிரம்ஸ்காரன் சிரித்தே விட்டான். லைமன் முகம் சிவந்து, "இடம் தவறிடுச்சு அண்ணே, ராத்திரி சீட்டு ஆடிட்டு இருந்தேன்" என்றான். வெண்டல் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனான். அன்பாகத்தான் பேசினான். "உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்? யார் தவறினாலும் நீ பின்னாடியே போயிடுவேன்னு ஊர் பூரா பேச்சு. அந்த ஆல்டன்தான் எனக்கு வேணும். போவியா, மாட்டியா?"

"மாட்டேன்" என்றேன்.

பாஸை உறையில் போட்டு மூடினேன். இறங்கும்போது லைமன் படிவரை வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, நிஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லை" என்றான். எதற்கும் ஒரு டாக்டரைப் பார் என்றேன். நாளையிலிருந்து அவர்களுக்கு வேறு பாஸ்காரர்.